தம்பியை எந்த வைத்தியசாலையில் விடுவது?

கேள்வி:

என் தம்பிக்கு 27 வயது. ஓட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் இருப்பதாகச் சிறுவயதிலேயே சொன்னார்கள். அவன் பேசுவது பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். தினமும் அப்பாவோடு வெற்றிலைத் தோட்டத்துக்குப் போய்த் துரவில் நீர் அள்ளி ஊற்றுவான். சென்ற வருடம் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். சடங்குகள் முடியும்வரை தம்பியைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தோம். பிறகு தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம்.

ஐந்து மாதங்களாகத் தலையைச் சுவரில் மோதுகிறான். இடது கன்னத்தில் தானே அறைகிறான். விடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு படலையடியில் போய் நிற்பான். வாளியைப் பறித்தால் அன்று முழுவதும் இரகளைதான். போன மாதம் அம்மாவின் கையைக் கடித்துவிட்டான், நான்கு தையல் போட்டது. கிளினிக்கில் ரிஸ்பெரிடோன் என்ற மனநலக் குளிசையை இரண்டு தடவை கூட்டினார்கள். இப்போது இரவெல்லாம் தூங்காமல் நடக்கிறான். அறையை வெளியே பூட்டிவைக்கத் தொடங்கிவிட்டோம்.

அம்மாவுக்கு 63 வயது, பிரஷரும் இருக்கிறது. நான் ஆசிரியை, எனக்கு இரண்டு சிறு பிள்ளைகள். வீடு எனக்குச் சீதனமாக எழுதியது. இலண்டனில் இருக்கும் மாமி, அங்கே இப்படிப்பட்டவர்களுக்கென்றே வைத்தியசாலைகள் இருக்கின்றன, ஆயுள் முழுக்க வைத்துப் பார்ப்பார்கள் என்கிறார். அப்படி ஓர் இடம் இங்கே இருக்கிறதா? அங்கொடை மனநல வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதா? அவனை விட்டுவிட நினைப்பதற்காக இரவில் அழுகிறேன்.

— களுதாவளைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கிழக்கு மாகாணத்தில் வளர்ந்த ஓட்டிசம் உள்ளவர்களுக்கென்று தனி உறைவிட வைத்தியசாலை எதுவும் இல்லை. இருந்திருந்தாலும், உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, தம்பியை அங்கே குடியிருத்துங்கள் என்று சொல்லியிருக்க மாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருப்பதைப் பார்ப்போம். தம்பி எதைச் சொல்ல முயல்கிறார் என்பதைப் பெருமளவுக்கு நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வாளியைத்தான் சொல்கிறேன். எத்தனை வருடங்களாக அவர் விடிகாலையில் அப்பாவின் பின்னால் வாளியோடு போனார்? பத்து வருடம்? பதினைந்து? ஒருநாள் அவரைப் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். திரும்பி வந்தபோது வீட்டில் அப்பா இல்லை. உடலை அவர் பார்க்கவில்லை. அழுகையைக் கேட்கவில்லை. 31ஆம் நாள் படையலைப் பார்க்கவில்லை. உங்களுக்கெல்லாம் அப்பா இறந்துவிட்டார். அவருக்கு அப்பா இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு காலையும் படலையடியில் நின்று அவர் கேட்பது அதைத்தான். கையில் இருந்த வாளியையும் பறித்துக்கொண்டால், கேட்பதற்கு அவருக்கு வேறு மொழி இல்லை.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை மரணவீட்டுக்குள் விடாமல் வேறிடத்தில் வைப்பது நம் ஊரில் அன்பினால் செய்யும் காரியம். ஆனால் வைத்தியராக என் பத்தொன்பது வருட அனுபவத்தில், தாயோ தந்தையோ இறந்த ஒரு வருடத்துக்குள் நிலைகுலைந்து மனநல விடுதிக்கு வந்த பலருக்கு இதே கதைதான் இருந்தது. இறப்பை அவர்களுக்குக் காட்டாமல் விட்டிருந்தார்கள். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அப்பாவின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு தம்பியை மயானத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த இடத்தைத் தொடச் சொல்லுங்கள். “அப்பா செத்துவிட்டார், அப்பா இங்கே, அப்பா வீட்டுக்கு வரமாட்டார்” என்று ஒவ்வொரு தடவையும் அதே சொற்களில் சொல்லுங்கள். “அப்பா தூங்குகிறார்”, “சாமியிடம் போய்விட்டார்” என்றெல்லாம் சொல்ல வேண்டாம். தூங்குபவர் எழும்புவார், போனவர் திரும்புவார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ஒருமுறை போதாது. பல வாரங்கள் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் போங்கள்.

அடுத்தது இடது கன்னம். வலதுகையால் அடிப்பவருக்கு இடது கன்னம் வாகான பக்கம்தான் என்றாலும், ஒரே இடத்தை ஐந்து மாதமாக அடிக்கிறார் என்றால் முதலில் வாயையும் காதையும் பார்க்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் இப்படி ஓர் இளைஞனைக் கைகால்களைச் சேலையால் கட்டி முச்சக்கரவண்டியில் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் ஊசியிலேயே வைத்திருந்தோம். ஒருநாள் இரவுப் பணியில் இருந்த தாதி ஒருவர், அந்தப் பிள்ளை கட்டிலின் இரும்புக் குழாயில் கன்னத்தை அழுத்தி வைத்திருப்பதையும், குழாய் சூடேறியதும் பக்கத்துக் குழாய்க்கு மாறுவதையும் கவனித்தார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கி இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போனார். அந்த ஒரு வார ஊசிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஓட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் வாயைத் திறந்து பார்க்க மறந்துவிட்டோம்.

ஆகவே இந்த வாரமே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவுக்கு முன்கூட்டியே போய் நிலைமையைச் சொல்லி, காலையில் கூட்டம் சேரும் முன் முதல் ஆளாகப் பார்க்கக் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். வாயைத் திறக்கவே விடமாட்டார் என்றால் மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கும் வசதிக்குப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லலாம். காதையும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது என்பதைக் கவனியுங்கள். பேச முடியாத ஒருவரின் மலச்சிக்கல் அடிதடியாகவும் வெளியே வரலாம். ரிஸ்பெரிடோனோடு பென்செக்சோல் என்ற குளிசையும் கொடுக்கிறார்கள் என்றால், அதுவே மலத்தை இறுக்கும்.

மூன்றாவது விடயம் குளிசை. நடை எப்போது தொடங்கியது? குளிசையைக் கூட்டுவதற்கு முன்பா, பின்பா? உங்கள் கடிதம் பின்பு என்று சொல்வதுபோல் இருக்கிறது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் சிலருக்கு உட்காரவும் படுக்கவும் விடாத ஒரு தவிப்பைத் தரும். கால்கள் நிற்காது. உள்ளுக்குள் யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் இருக்கும் என்று பேசத் தெரிந்த நோயாளிகள் சொல்வார்கள். பேச முடியாதவர் நடப்பார், மோதுவார், கடிப்பார். பார்ப்பவர்கள் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மருந்தை இன்னும் கூட்டுவார்கள். உங்கள் தம்பிக்கு இதுதான் என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வேறு சிக்கல்கள் வரும். கிளினிக்குக்குப் போய், எந்தத் திகதியில் கூட்டினார்கள், எந்தத் திகதியில் நடை தொடங்கியது என்று இரண்டு திகதிகளையும் கடதாசியில் எழுதி வைத்தியரின் மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளி என்று ஓடும் கிளினிக்கில், நீண்ட கதையைவிட இரண்டு திகதிகள் அதிகம் பேசும்.

இனி மாமி சொன்ன இலண்டன் கதைக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் அப்படிப்பட்ட வைத்தியசாலைகள் உண்மையிலேயே இருக்கின்றன. நாம் அறிவுத்திறன் குறைபாடு என்பதை அங்கே கற்றல் இயலாமை என்பார்கள். நெருக்கடி வரும்போது இத்தகையவர்களை அனுமதித்து, காரணத்தைக் கண்டறிந்து, சிகிச்சை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதற்காக அவை ஏற்படுத்தப்பட்டன. நோக்கம் நல்லது. நடந்தது வேறு. பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் வைத்தியசாலை இருந்தது. ஒரு நோயாளிக்கு வாரம் ஒன்றுக்குச் சராசரியாக 3,500 பவுண் அரசாங்கப் பணம் அதற்குப் போனது. 2011 மே மாதம் பிபிசி தொலைக்காட்சி மறைத்துவைத்த கமெராவால் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. ஊழியர்கள் நோயாளிகளை அடித்தார்கள், நாற்காலிக்கு அடியில் போட்டு அழுத்தினார்கள், உடுப்போடு குளியலறையில் தள்ளி நீரைத் திறந்துவிட்டார்கள். ஊழியர்கள் 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 6 பேர் சிறைக்குப் போனார்கள், வைத்தியசாலை மூடப்பட்டது. தேவையில்லாமல் வைத்தியசாலைகளில் இருப்பவர்கள் எல்லோரையும் 2014 ஜூனுக்குள் சமூகத்துக்குள் கொண்டுவருவோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. அந்தத் திகதி கடந்து பத்து வருடத்துக்கு மேலாகியும், இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,000 பேர் இன்னும் அத்தகைய கட்டில்களில் இருக்கிறார்கள். பலர் வருடக்கணக்காக இருக்கிறார்கள். சிகிச்சை முடியாததால் இருப்பவர்கள் ஒரு பகுதிதான். வெளியே அவர்களுக்கு ஒரு வீடும் துணைக்கு ஆளும் ஏற்பாடாகாததால் இருப்பவர்கள் பலர்.

மருந்து விடயத்திலும் அந்த நாடு தன் கணக்கைத் தானே எடுத்துப் பார்த்தது. கற்றல் இயலாமை உள்ளவர்களில் 30,000 முதல் 35,000 பேர்வரை, அந்த மருந்துக்குரிய நோய் எதுவும் இல்லாமலேயே மனநல மருந்துகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று 2015இல் அரசாங்க அறிக்கையே சொன்னது. அடுத்த வருடம், அதைக் குறைப்பதற்கென்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார்கள். பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள நாட்டின் நிலை இது.

மாமி பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் பார்த்தது வைத்தியசாலையா, வீடா? சாதாரணத் தெருவில் ஒரு வீடு, அதில் இரண்டு மூன்று பேர், ஆளுக்கொரு அறை, உதவிக்கு முறைபோட்டு வரும் பணியாளர்கள் என்று அங்கே நிறைய இடங்கள் இருக்கின்றன. நல்லபடியாக வாழ்பவர்களைப் பெரும்பாலும் அங்கேதான் பார்க்கலாம். மாமி கண்டது அதுவாக இருந்தால், அவர் கண்டது வைத்தியசாலையே அல்ல. தம்பியை அங்கே அனுப்பும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களும் தமிழ்ச் சொற்கள்.

அங்கொடை பற்றிக் கேட்டீர்கள். அந்த நிறுவனத்துக்கு இப்போது தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். கடும் மனநோய்க்குச் சிகிச்சை பெறவேண்டியவர்களுக்கு அங்கே நல்ல சிகிச்சை கிடைக்கிறது. அது வேறு தேவை. உங்கள் தம்பியை ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்கு அப்பால், அவருக்குப் புரியாத மொழி பேசும் பெரிய விடுதியில் விட்டால், அப்பாவைத் தேடுபவர் அம்மாவையும் அக்காவையும் சேர்த்துத் தேடத் தொடங்குவார். முதல் மாதம் நீங்கள் போவீர்கள். பிறகு பிள்ளைகளின் பரீட்சை வரும், அம்மாவுக்கு முடியாமல் போகும். போய்ப் பார்த்து வருவது எப்படிக் குறைந்துபோகும் என்பதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

இதை விளங்கிக்கொள்ள நாம் இங்கிலாந்துவரை போகவும் தேவையில்லை. நம் மட்டக்களப்பு வாவிக்குள்ளேயே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளர்களைத் தோணியில் ஏற்றி அங்கேயுள்ள வைத்தியசாலையில் கொண்டுபோய் விட்டார்கள். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு அந்த நோய் வீட்டிலிருந்தே மாற்றக்கூடியதாகிவிட்டது. ஆனால் குணமான பிறகும் கரையேறிப் போக வீடில்லாமல் அங்கேயே நரைத்தவர்கள் உண்டு. போகும் வழியைப் பற்றி யோசித்தவர்கள், வரும் வழியைப் பற்றி யோசிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: தம்பிக்கு வைத்தியசாலை தேவைப்படலாம், அது குடியிருக்கும் இடமாகக் கூடாது. பல்லும் காதும் வயிறும் பார்த்து, மருந்தைச் சரிசெய்த பிறகும் ஆபத்து குறையவில்லை என்றால் சில நாட்கள் அனுமதிப்பதில் தவறில்லை. மனநல விடுதி ஓட்டிசம் உள்ளவருக்குக் கடினமான இடம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவு முழுவதும் விளக்கு எரியும், கட்டில்கள் உரசும், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும். ஆகவே வீட்டுத் தலையணை, அவருடைய கோப்பை, முடிந்தால் அந்த வாளியையும் கொண்டுபோங்கள். நீங்களோ உங்கள் கணவரோ கூட நில்லுங்கள். ஒரு பக்கக் கடதாசியில் அவரைப் பற்றி எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்: அவர் பேசும் சொற்களும் அவற்றின் பொருளும், எந்தச் சத்தம் ஆகாது, கோபம் வருமுன் முகம் எப்படி மாறும், எதைக் கொடுத்தால் ஆறுவார். ஊசி போடும்போது அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல்நாளே வைத்தியரிடம், எந்தக் கேள்விக்கு விடை தேடி அனுமதிக்கிறீர்கள், எந்தத் திகதியில் வீட்டுக்கு விடுவீர்கள் என்று கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள்.

வலிப்பு வந்தால், தலை மோதியபின் வாந்தியோ மயக்கமோ இருந்தால், ஒருநாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்காவிட்டால், வயிறு உப்பி மலம் நின்றுபோனால், மருந்து எடுக்கும் காலத்தில் கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால், எதற்கும் காத்திராமல் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். ஓட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம், வளர்ந்த பிறகு முதல்முறையாகவும் வரும். இரவில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் பேசலாம்.

அறையை வெளியே பூட்டுவதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க மாட்டேன். தீப்பிடித்தாலோ வலிப்பு வந்தாலோ யாருக்கும் தெரியாது. பூட்டைக் கழற்றிவிட்டுப் படலையை மட்டும் பூட்டுங்கள். முற்றத்தில் நடக்கட்டும். அவர் மோதும் சுவரோரம் பழைய மெத்தையைச் சாத்திவையுங்கள். அவரைக் குப்புறப் போட்டு ஆள் ஏறி அமுக்குவதை யாரையும் செய்ய விடாதீர்கள், மூச்சு நின்றுவிடும். மோதல் தொடங்கினால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ரேடியோவை நிறுத்தி, சத்தம் போடாமல் இரண்டு முழம் தள்ளி நில்லுங்கள்.

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஊர்க்காரர்தானே? அவரிடம் போய் ஒரு வரிசையைக் கேளுங்கள். காலை ஆறிலிருந்து ஏழுவரை தம்பி அந்த ஒரு வரிசைக்கு நீர் ஊற்றட்டும். யாராவது கூடப் போக வேண்டும். மாமியால் பணம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அந்தப் பணத்தில் தம்பியோடு நாளுக்கு மூன்று மணி நேரம் நிற்க, அவருக்குப் பழக்கமான ஓர் இளைஞனுக்குச் சம்பளம் கொடுங்கள். எந்தத் தனியார் இல்லத்துக்கும் கட்டுவதைவிட அது நல்ல செலவு. வரிசை கிடைக்காவிட்டால் வீட்டு வளவிலேயே நான்கு கொடி நட்டுக் கொடுங்கள்.

வாரத்தில் இரண்டு இரவுகளாவது அம்மா வேறு வீட்டில் தூங்க வேண்டும். இதை மருந்துபோல் எழுதித் தருகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா அந்தச் சடங்கு நாட்களில் தம்பியை வைத்துப் பார்த்தவர்தானே, அந்த இரண்டு இரவுகளுக்கு அவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இம்முறை தம்பியை இடம் மாற்றாதீர்கள். ஆட்கள் மாறட்டும்.

நம் மட்டக்களப்பு வழக்கில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. வீட்டோடு சேர்ந்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, தம்பியும் உங்கள் பொறுப்பாகிவிட்டார். உங்கள் அழுகையின் வேர் அங்கேயும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதைப் பேசாமல் விட்டால் உள்ளுக்குள் புளித்துப்போகும். அம்மா இருக்கும்போதே கணவரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். அந்த வளவில் ஓர் அறையில் தம்பி உயிருள்ளவரை இருப்பதற்குச் சீவிய உரித்து எழுத முடியுமா, குத்தகைப் பணத்தை அவர் பெயருக்கு ஒதுக்க முடியுமா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு கிடைக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 19ஆம் உறுப்புரை, மற்றவர்களைப்போல் ஊருக்குள் வாழும் உரிமை உங்கள் தம்பிக்கும் உண்டு என்கிறது. அந்த உரிமைக்கு வேண்டிய வீடுகளையும் ஆட்களையும் இந்த மாகாணத்தில் யாரும் இன்னும் அமைக்கவில்லை. ஒரு வைத்தியராக நான் கோபப்படுவது இதற்காகத்தான். அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை 63 வயதுத் தாய் ஒருத்தி தையல் போட்ட கையோடு செய்துகொண்டிருக்கிறார்.

விட்டுவிட நினைத்ததற்காக அழுவதாக எழுதினீர்கள். ஐந்து மாதம் தூங்காத எவருக்கும் அந்த நினைப்பு வரும். அதை மறைக்காமல் எழுதியதால்தான் வாளியைப் பற்றியும் எழுதினீர்கள்.

பல் பார்த்த பிறகு மீண்டும் எழுதுங்கள். தம்பி எடுக்கும் எல்லாக் குளிசைகளின் பெயரையும் அளவையும், குளிசை கூட்டிய அந்தத் திகதியையும் சேர்த்து எழுதுங்கள். நாளைக் காலை அவர் படலையடிக்குப் போகும்போது வாளியை அவர் கையிலேயே விட்டுவிட்டு, கிணற்றடிக்குக் கூட்டிப் போய் நிரப்பிக் கொடுங்கள்.